பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பாரீஸ்

புதுச்சேரிக்காரர்கள் கப்பலேறுவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. என் தாத்தா காலத்திலேயே எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் சைகோனில் இருந்தார்கள். பட்டாளத்துக்குப் போனவர்கள் 'சொல்தா' என்ற பெயரோடு திரும்பினார்கள். அலுவலகத்துக்குப் போனவர்கள் கோட்டும் தொப்பியுமாகத் திரும்பினார்கள். என் பெரியப்பா ஒருவரும் அப்படி இந்தோசீனாவில் எழுத்தராக இருந்தவர். நீண்ட விடுப்பில் ஊருக்கு வருவார். திண்ணையில் உட்கார்ந்து கப்பல் கதை சொல்வார். விடுப்பு முடிந்ததும் மறுபடி பெட்டியைக் கட்டுவார். இவர்களெல்லாம் கடல் கடந்தது பிழைப்புக்காக. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அவர்கள் சிரித்து விளையாட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வெளிநாடு போவது எங்கள் குடும்பத்தில் வருகிற கோடை விடுமுறையில்தான் முதல்முறையாக நடக்கப்போகிறது.

மகள், மாப்பிள்ளை, எட்டு வயதுப் பேரன், ஐந்து வயதுப் பேத்தி, நான், என் மனைவி என்று ஆறு பேர். ஊர் பாரீஸ். பத்து நாள். விமானச் சீட்டும் தங்குமிடமும் மாப்பிள்ளை பொறுப்பு. எந்த நாளில் எங்கே போவது என்கிற கோப்பு மட்டும் என் மேசைக்கு வந்தது. பிரெஞ்சு வழியில் படித்தவன், இப்போது வேலை வெட்டி இல்லாதவன் என்ற இரண்டு தகுதிகளும் எனக்கு இருக்கின்றன அல்லவா!

அரசு அலுவலகத்தில் தலை நரைத்தவன் நான். புதுக் கோப்பு வந்தால் முதலில் பழைய தாள்களைப் புரட்டிப் பார்ப்பது என் கைப்பழக்கம். அதையேதான் இதற்கும் செய்தேன். பாரீஸில் பிள்ளைகளுக்குப் பிடித்த இடங்கள் எவை, அவை எப்போது, யாரால், எதற்காக உண்டாயின என்று தேடிப் படித்தேன். படித்தபின் என் பட்டியல் மாறியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளோடு வெளிநாடு போக நினைக்கும் என் வயதுக்காரர்களுக்குப் பயன்படலாம்.

விடுமுறை என்பது எப்போது வந்தது?

பிள்ளைகளோடு ஊர் சுற்றுவது என்பது பிரான்சிலேயே சாதாரண ஜனங்களுக்கு மிகச் சமீபத்தில் கிடைத்த வசதி. அதற்கு முன்பு கடற்கரையும் மலையும் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு உண்டு. அதைத் தாண்டி ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை.

1936 மே மாதம் பிரான்சில் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. நாடெங்கும் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். லெயோன் ப்ளூம் பிரதமரானார். ஜூன் 20-ஆம் தேதி சட்டம் வந்தது: ஆண்டுக்கு இரண்டு வாரம், சம்பளத்தோடு விடுமுறை. லெயோ லக்ராஞ்ஜ் என்ற இளம் துணை அமைச்சர் இரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். அந்த ஆகஸ்டில் இலட்சக்கணக்கான பேர் குடும்பத்தோடு இரயிலேறினார்கள். பலர் வாழ்நாளில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தது அப்போதுதான். பிறகு 1956-இல் மூன்றாவது வாரம், 1969-இல் நான்காவது, 1982-இல் ஐந்தாவது என்று அது வளர்ந்தது.

இதை எங்களுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அதே 1936-இல், அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், எங்கள் ஊரில் நடந்ததை வகுப்பில் யாரும் சொன்னதில்லை. வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். புதுச்சேரியின் பஞ்சாலைத் தொழிலாளர்களும் அந்த ஆண்டு ஆலைக்குள் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது விடுமுறைகூட அல்ல. எட்டு மணி நேர வேலை, நியாயமான கூலி, சங்கம் வைக்கும் உரிமை. ஜூலை 30-ஆம் தேதி காவல் படை சுட்டது. பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். தோழர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் தொழிலாளர் சட்டமும் எட்டு மணி நேர வேலையும் வந்தன. இன்றும் ஜூலை 30 எங்கள் ஊரில் தியாகிகள் தினம்.

ஒரே அரசு, ஒரே கோடைக்காலம். அங்கே தொழிலாளியின் பிள்ளை கடல் பார்க்கப் போனது. இங்கே தொழிலாளியின் பிள்ளை தகப்பனைப் புதைத்தது. பத்து நாள் ஊர் சுற்றப் போகும் குடும்பம் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறார். அவருக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் விடுப்புக்கும் எங்கெங்கோ யாராரோ கொடுத்த விலை உண்டு.

புதன்கிழமையின் கதை

இனிப் பட்டியலுக்கு வருகிறேன். முதலில் எழுதியது கிஞோல் பொம்மைக் கூத்து. இதற்குக் கிழமை பார்த்துப் போகவேண்டும். பெரும்பாலும் புதன், சனி, ஞாயிறு, அப்புறம் அவர்களுடைய பள்ளி விடுமுறை நாட்கள். ஏன் புதன் என்று கேட்டால் அதற்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது.

1882-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து மதப் பாடத்தை எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக, விரும்பும் பெற்றோர் வெளியே சமயக் கல்வி கொடுத்துக்கொள்ள ஞாயிறைத் தவிர வாரத்தில் இன்னொரு நாளும் பள்ளியை மூடச் சொன்னது. அது வியாழக்கிழமை ஆயிற்று. என் வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு வியாழன் விடுமுறை நன்றாக நினைவிருக்கும். தமிழ்ப் பள்ளியில் படித்த தெருப் பிள்ளைகள் எங்களைப் பொறாமையோடு பார்ப்பார்கள். சனிக்கிழமை அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிரான்சில் 1972-இல் அந்த விடுமுறை புதனுக்கு மாறியது. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் கூடவே புதனுக்கு நகர்ந்தன.

கிஞோல் பிறந்தது லியோன் நகரத்தில். லோரான் மூர்கே என்ற பட்டு நெசவாளி புரட்சிக்குப் பின் வேலை இழந்தார். பிழைப்புக்குச் சந்தைகளில் பல் பிடுங்கும் தொழிலுக்கு வந்தார். பல் பிடுங்க வருபவர்களை ஈர்க்கவும் அவர்கள் பயத்தைப் போக்கவும் பொம்மை ஆட்டினார். பல்லைவிடப் பொம்மையில் வருமானம் நன்றாக இருந்தது. 1808 வாக்கில் கிஞோல் என்ற நெசவாளிப் பொம்மையை உண்டாக்கினார். கறுப்புத் தொப்பி, கையில் தடி. வீட்டுக்காரன் வாடகை கேட்டால் அடி, போலீஸ்காரன் வந்தால் அடி! அது முதலில் பெரியவர்களுக்கான கூத்து. கூலிக்காரர்கள் அன்றைய ஊர்ச் சேதியை நையாண்டி செய்து சிரித்த இடம். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் அரசுத் தணிக்கை வந்தது. வசனத்தை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. காலப்போக்கில் அரசியல் போய்த் தடியடி மட்டும் மிஞ்சியது. கூத்தும் குழந்தைகள் கைக்கு வந்தது.

பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தெரியாதே என்று மகள் கவலைப்பட்டாள். போலீஸ்காரன் முதுகில் தடி விழுவதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? அங்கே பிள்ளைகள் எல்லாம் முன் பெஞ்சில் உட்கார்ந்து, "பின்னாலே பார், பின்னாலே பார்!" என்று பொம்மைக்குக் கத்தி எச்சரிப்பார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் பேத்திக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். இப்போது வீட்டில் நாள் முழுக்க "தெரியேர்! தெரியேர்!" என்ற கூச்சல்தான்.

இந்தக் கூத்தை லுக்ஸம்பூர் தோட்டத்தில் பார்ப்பதாக ஏற்பாடு. அங்கே 1933 முதல் பொம்மை அரங்கம் இருக்கிறது. ஒரே தோட்டத்தில் ஒரு பகல் முழுவதும் ஓடிவிடும். எண்கோணக் குளத்தில் மரப் படகை வாடகைக்கு எடுத்துக் கழியால் தள்ளிவிடலாம். காற்று அடிக்கும் பக்கம் பாய் விரிந்து அது போகும், பிள்ளைகள் குளத்தைச் சுற்றி ஓடுவார்கள். 1879-இல் செய்த குதிரை ராட்டினம் ஒன்று உண்டு. பாரீஸின் பெரிய ஓப்ரா அரங்கைக் கட்டிய அதே ஷார்ல் கார்னியே வரைந்து கொடுத்தது. சுற்றிவரும்போது கையிலுள்ள குச்சியால் வளையத்தைக் கோத்து எடுக்கவேண்டும். எத்தனை வளையம் என்று பேரன் இப்போதே என்னோடு பந்தயம் கட்டியிருக்கிறான். பெரியவர்கள் உட்காரப் பச்சை இரும்பு நாற்காலிகள் நிறையக் கிடக்கும். எங்களுக்கு அதுதான் முக்கியம்.

சந்தர்நாகூரிலிருந்து போன காண்டாமிருகம்

அடுத்தது ழார்தேன் தெ பிளாந்த் என்னும் தாவரத் தோட்டம். 13-ஆம் லூயி மன்னர் காலத்தில் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. இன்று அதற்குள் பூ, மரம், விலங்குகள், எலும்புக்கூட்டுக் காட்சிசாலை, பரிணாமக் காட்சிசாலை எல்லாம் இருக்கின்றன. பேரனுக்கு டைனோசர் பைத்தியம். 1898-இல் திறந்த எலும்புக்கூட்டுச் சாலையில் அவனைக் கொண்டுபோய் விட்டால் போதும். பேத்திக்குப் பரிணாமக் காட்சிசாலையில் யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் ஊர்வலம் போல வரிசையாக நிற்கும் காட்சி. அது செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பார்க்க விரும்புவது அங்கே நிற்கும் ஒரு காண்டாமிருகத்தை. அது நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் இவற்றோடு பிரெஞ்சிந்தியாவின் ஐந்தாவது ஊர் வங்காளத்துச் சந்தர்நாகூர். அதன் ஆளுநராக இருந்த ஷெவாலியே 15-ஆம் லூயி மன்னருக்கு ஒரு காண்டாமிருகக் குட்டியைப் பரிசாக அனுப்பினார். 1769 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய அது 1770 ஜூனில் பிரான்சின் லொரியான் துறைமுகத்தில் இறங்கியது. அங்கிருந்து அதற்கென்று செய்த வண்டியில் வெர்சாய் அரண்மனைக்குப் போனது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அரண்மனை விலங்குச் சாலையில் தன்னந்தனியாக வாழ்ந்தது. மன்னர் மாறினார், புரட்சி வந்தது. 1793-இல் காண்டாமிருகமும் செத்தது. தோலைப் பாடம் செய்து பாரீஸுக்குக் கொண்டுவந்தார்கள். அதே தோல்தான் இன்றும் நிற்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து புறப்பட்ட ஒரு பயணியை அங்கே நேரில் பார்க்கலாம்.

இதை எட்டு வயதுப் பையனிடம் சொன்னபோது அவன் கேட்டான்: "தாத்தா, அதோட அம்மா எங்கே?" இந்தக் கேள்வியை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

அரண்மனை விலங்குகளில் மிஞ்சியவற்றையும், தெருவில் வித்தை காட்டுபவர்களிடமிருந்து பறிமுதல் செய்தவற்றையும் வைத்து 1794-இல் இந்தத் தோட்டத்துக்குள் விலங்குக் காட்சிசாலை தொடங்கினார்கள். அரசனுக்கு மட்டும் வேடிக்கையாக இருந்தது அன்று முதல் எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. உலகின் பழைய காட்சிசாலைகளில் ஒன்று. சின்னதாக, மர நிழலோடு இருப்பதால் ஐந்து வயதுக் கால்களுக்கும் எழுபது தாண்டிய கால்களுக்கும் ஏற்றது.

நடந்து வந்த ஒட்டகச்சிவிங்கி

இந்தக் காட்சிசாலையின் பெரிய கதை 1827-இல் நடந்தது. எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி பிரெஞ்சு மன்னர் பத்தாம் ஷார்லுக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியைப் பரிசளித்தார். சூடானில் பிடித்த குட்டி. நைல் நதி வழியாக வந்து, கப்பலின் மேல்தளத்தில் ஓட்டை போட்டுக் கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு மார்செய் துறைமுகம் சேர்ந்தது. குளிர்காலம் அங்கே கழிந்தது. பாரீஸுக்கு எப்படிக் கொண்டுபோவது? நடத்தித்தான். ஏறக்குறைய 880 கிலோமீட்டர். மே 20-இல் புறப்பட்டு ஜூன் 30-இல் பாரீஸ் சேர்ந்தது. கூடவே பால் கொடுக்க மாடுகளும் நடந்தன. மழைக்கு அதற்கு ஒரு மேலங்கி தைத்துப் போட்டார்கள். அழைத்துப்போனவர் எத்தியேன் ழொஃப்ருவா சேந்த்-இலேர் என்ற பெரிய விலங்கியல் அறிஞர். அப்போது அவருக்கு 55 வயது. வழி நெடுக ஊரே திரண்டது. பாரீஸில் பெண்கள் தலையை அந்த விலங்கின் கொம்பு போல உயர்த்தி வாரிக்கொண்டார்கள். பதினெட்டு ஆண்டு அங்கே வாழ்ந்து 1845-இல் அது இறந்தது.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று இந்த நடைப்பயணத்தைப் பேத்திக்கு நான் படம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயணத்துக்குக் குழந்தையைத் தயார் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. போகும் இடத்தில் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றால் குழந்தை அடம் பிடிக்காது.

அடுத்த இரண்டு தலைமுறை

இதுவரை கோப்பு சுலபமாக நகர்ந்தது. ஒட்டகச்சிவிங்கியோடு நடந்தவரின் மகன் இசிதோர். வெளிநாட்டு விலங்குகளையும் பயிர்களையும் பிரான்சின் தட்பவெப்பத்துக்குப் பழக்குவதற்காக அவர் 1854-இல் ஒரு சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் புலோஞ் காட்டின் ஓரத்தில் ஒரு தோட்டம் அமைத்தது. 1860 அக்டோபர் 6-இல் மூன்றாம் நெப்போலியன் திறந்துவைத்தார். ழார்தேன் தக்ளிமத்தாசியோன் என்று பெயர். சின்னப் பிள்ளைகளோடு பாரீஸ் போகிறவர்களிடம் எல்லாரும் முதலில் சொல்லும் இடம் இதுதான். 1878 முதல் அங்கே ஒரு குட்டி இரயில் ஓடுகிறது. ஊஞ்சல், ராட்டினம், படகு, நீர் விளையாட்டு எல்லாம் உண்டு. மகள் தன் பட்டியலில் முதல் வரியில் எழுதியிருந்ததும் இதைத்தான்.

பேரன் அல்பேர் இந்தத் தோட்டத்தின் இயக்குநராக இருந்தபோது நடந்ததை நான் படித்தேன். 1870-இல் ஜெர்மானியர் பாரீஸை முற்றுகையிட்டனர். ஊரில் உணவு தீர்ந்தது. தோட்டத்தின் இரண்டு யானைகளையும், காஸ்தோர், பொலுக்ஸ் என்று பெயர், கறிக்கு விற்றுவிட்டார்கள். போருக்குப் பின் தோட்டத்துக்கு வருமானம் இல்லை. 1877-இல் அல்பேர் ஒரு புது ஏற்பாடு செய்தார். ஆப்பிரிக்காவிலிருந்து நூபியர்களையும், வட துருவப் பக்கமிருந்து எஸ்கிமோக்களையும் வரவழைத்து, விலங்குகள் இருந்த அதே தோட்டத்தில் வேலிக்குள் குடிசை போட்டு உட்காரவைத்தார். சீட்டு வாங்கிக்கொண்டு ஜனங்கள் பிள்ளைகளோடு வந்து பார்த்தார்கள். கூட்டம் அலைமோதியது. அதன் பிறகு ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒரு நாட்டு மனிதர்கள். 1881-இல் தென் அமெரிக்காவின் முனையிலிருந்து வந்த கூட்டத்தில் ஒரு குழந்தை பாரீஸிலேயே இறந்தது. 1883-இல் நம் பக்கத்து இலங்கையிலிருந்து சிங்களவர்களை யானைகளோடு கொண்டுவந்தார்கள்.

இது பழங்காலத்துக் கதை என்று தள்ளவும் முடியாது. 1931-இல் பாரீஸின் கிழக்கே வென்சேன் காட்டில் மாபெரும் குடியேற்ற நாடுகள் கண்காட்சி நடந்தது. பிரெஞ்சிந்தியாவுக்கும் அங்கே ஒரு மண்டபம் இருந்தது. அந்த ஆண்டு நியூ கலெடோனியாத் தீவிலிருந்து சுமார் நூறு கனாக்குகளைக் கூட்டிவந்து இந்தத் தோட்டத்தில் 'நரமாமிசம் தின்பவர்கள்' என்று காட்டினார்கள். அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், கிறித்தவர்கள். பல்லைக் காட்டிக் கத்தச் சொன்னார்கள். ஒரு பகுதியினர் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார்கள். மாற்றாக அங்கிருந்து முதலைகள் வந்தன.

இதைப் படித்த அன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். என் மனைவி, "அந்த இடத்துக்கு நம்ம பிள்ளைங்களை எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்? அடிச்சுடுங்க அதை" என்றாள். மகள், "அப்பா, அது நடந்து நூறு வருஷமாகப் போகுது. இப்ப அது வெறும் விளையாட்டுப் பூங்கா. குழந்தைங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கோப்பு ஒரு வாரம் என் மேசையில் தூங்கியது.

ஒரு வாரம் கழித்து நான் எழுதிய குறிப்பு இது: போகலாம். ஆனால் பேரனுக்குச் சொல்லிவிட்டுப் போகலாம்.

காரணம் இரண்டு. முதலாவது, இப்படிப்பட்ட இடங்களை விலக்கினால் பாரீஸில் மிஞ்சுவது கொஞ்சம்தான். வென்சேன் விலங்குக் காட்சிசாலை அந்த 1931 கண்காட்சியின் வரவேற்பைப் பார்த்து 1934-இல் கட்டியது. பக்கத்தில் போர்த் தொரே அரண்மனையின் அடித்தளத்தில் பிள்ளைகள் மிகவும் விரும்பும் மீன் காட்சிசாலை இருக்கிறது. அந்தக் கட்டடமும் அந்தக் கண்காட்சிக்காகவே எழுப்பியது. 2007 முதல் அதன் மேல்தளங்களில் குடியேறி வந்தவர்களின் வரலாற்று அருங்காட்சியகம் நடக்கிறது. கீழே முதலை, மேலே எங்களைப் போன்றவர்களின் கதை. காண்டாமிருகமும் ஒட்டகச்சிவிங்கியும்கூட யாரோ யாருக்கோ பரிசு கொடுத்தவைதானே.

இரண்டாவது காரணம் பேரனின் அந்தக் கேள்வி. அம்மா எங்கே என்று ஒரு காண்டாமிருகத்துக்காகக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு மனிதர்கள் கதையும் புரியும். பேத்திக்கு இப்போது வேண்டாம். அவளுக்குக் குட்டி இரயில் போதும். பையனிடம் எப்படித் தொடங்குவது என்பதற்கும் வழி கிடைத்தது. அவனுக்குக் கால்பந்து உயிர். 1998-இல் உலகக் கோப்பை வென்ற பிரெஞ்சு அணியில் கிறிஸ்தியான் கராம்பே என்ற ஆட்டக்காரர் இருந்தார். நியூ கலெடோனியாவில் பிறந்த கனாக். 1931-இல் வேலிக்குள் நிறுத்தப்பட்டவர்களில் அவருடைய கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். கொள்ளுத்தாத்தாவைச் சீட்டு வாங்கிப் பார்த்த அதே நாட்டுக்காக கொள்ளுப்பேரன் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தாத்தாவுக்கு இது தெரியுமா?" என்றான். தெரியாது, அவர் காலம் முடிந்துபோயிற்று என்றேன். "நாம போகும்போது அந்த இடத்தைக் காட்டுவியா?" என்று கேட்டான். காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பட்டியல்

கடைசியில் உருவான திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஓர் இடம். மகள் மூன்று எழுதியிருந்தாள், இரண்டை அடித்தேன். முதல் இரண்டு நாளும் எங்கும் சீட்டு வாங்கவேண்டாம். நம் நேரத்துக்கும் அந்தக் காலத்துப் பாரீஸ் நேரத்துக்கும் மூன்றரை மணி வித்தியாசம். நம் பிள்ளைகள் அங்கே விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு எழுந்து உட்காருவார்கள். மாலை ஆறுக்கே கண் சொக்கும். பக்கத்துப் பூங்காவும் ரொட்டிக் கடையும் போதும். ஈஃபில் கோபுரத்து விளக்குகளைப் பார்க்க இருட்டவேண்டும். மே மாதத்தில் இரவு ஒன்பதுக்கு மேல்தான் இருட்டும். அதைக் கடைசி நாட்களுக்கு வைத்தேன். புதன் லுக்ஸம்பூர். தாவரத் தோட்டத்துக்கு இரண்டு நாள், செவ்வாய் தவிர. ஒரு நாள் மீன் காட்சிசாலை. ஒரு நாள் குட்டி இரயில். 1992-இல் திறந்த டிஸ்னிலாந்துக்கு ஒரு நாள், அது மாப்பிள்ளையின் ஆசை. மே 1 அங்கே முழு விடுமுறை. அநேகமாக எல்லாமே மூடியிருக்கும்.

மெட்ரோ நிலையங்களில் படிக்கட்டு அதிகம், பல இடங்களில் மின்தூக்கி இல்லை. மூட்டுவலிக்காரர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் பேருந்தில் போவது நல்லது, ஊரையும் பார்க்கலாம். பிள்ளைகள் சாப்பாட்டுக்கு அடம் பிடித்தால் வடக்கு இரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பல் பகுதிக்குப் போய்விடலாம். ஈழத்தமிழர்கள் அங்கே வேர்விட்டு நாற்பது ஆண்டுகளாகின்றன. தோசையும் இடியப்பமும் தாராளமாகக் கிடைக்கும். விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விசாக் கட்டணம் இல்லை. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கவேண்டும்.

கோப்பில் மகளும் மாப்பிள்ளையும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். என் மனைவி மட்டும் ஒரு நிபந்தனை எழுதச் சொன்னாள். குட்டி இரயிலில் தானும் பேத்தியும் ஏறுவார்களாம். அந்த நேரத்தில் நான் பையனை அழைத்துக்கொண்டு போய் அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு வரவேண்டுமாம். அப்படியே பதிவு செய்திருக்கிறேன்.

போய் வந்ததும் பிள்ளைகளுக்கு எது பிடித்தது, எது சலித்தது என்று கேட்டு எழுதுகிறேன். பாரீஸில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் நண்பர்கள், நான் விட்டுவிட்ட இடம் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். கோப்பை இன்னும் கட்டவில்லை.